இரண்டு அடி

சர்வே கல் கண்ணில் படாதவரை பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்தான். பட்டாவும் புலப்படமும் பீரோவுக்குள் இருக்கும்வரை நிலம் ஒரு நம்பிக்கை. கல் கிடைத்துவிட்டால் அது அடிக்கணக்கு.

பொம்மையார்பாளையத்தில் ஈ.சி.ஆருக்கு மேற்கே அப்பா வாங்கிப்போட்ட மனையில் போன மாசம் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். பின்மூலையில் கடப்பாரை ணங்கென்று இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், தலையில் உளிக்குறி போட்ட எல்லைக்கல். அதற்கும் முன்மூலைக் கல்லுக்கும் நூல் பிடித்தோம். பக்கத்து வீட்டு ஆயாவின் ஓலை வேலி இரண்டு அடி எங்கள் பக்கம் நின்றது. நீளம் 60 அடி. ஆக, 120 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி; இது கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதை இன்றைய விலையால் பெருக்கிப் பார்க்க எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

“இப்ப விட்டா நாளைக்கு நாலடி ஆவும்” என்றார் சித்தப்பா. அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் அடுத்தவர் நிலத்தை 12 வருஷம் வெளிப்படையாக, எதிரிடையாக அனுபவித்துவந்தால், உரிமையாளர் அதை மீட்கும் உரிமையையே இழக்கலாம். நாம் சும்மா இருந்தாலும் காலம் சும்மா இருக்காது.

சரி, கல் என்னதான் சொல்கிறது? கோடு எங்கே ஓடுகிறது என்று மட்டும். வேலியைப் பிடுங்கு என்று அது சொல்வதில்லை. 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டமும் நிலக்காரரிடம் கல்லைப் பராமரிக்கத்தான் சொல்கிறது. கோட்டை ஒப்புக்கொள்வது வேறு, கோடு வரைக்கும் கையை நீட்டுவது வேறு. முதலாவது உண்மை பற்றிய விஷயம். இரண்டாவது நான் எப்படிப்பட்ட ஆள் என்பது பற்றியது.

ஆயாவே வந்து கேட்டார். “கல்லு கெடச்சிடுச்சாமே தம்பி, வேலியப் பிரிச்சிக்கட்டுமா?” பிறகு, கோபமே இல்லாமல், “எங்க பழைய வூட்டுக் கல்லு கடலுக்குள்ள கெடக்குது” என்றார்.

அது உவமை இல்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் அதிகம் நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை தேய்ந்தது. புதுச்சேரிக் கடற்கரைக்குக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே நகர்ந்தது. ஓர் ஊருக்குப் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைத் தின்கிறது. இங்கே 12 வருஷக் கணக்கு கிடையாது. நூல் பிடித்துப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஆள் கிடையாது.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: எல்லை கல்தான், ஆயா இருக்கும்வரை, எங்கள் அனுமதியோடு வேலி அங்கேயே நிற்கும். அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபவம் ஆகாது என்பதால் சித்தப்பாவுக்கும் நிம்மதி. இதைத் தியாகம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். சம்பளம் வாங்குகிறவனுக்குக் கால் சென்ட் பெரிய இழப்பில்லை. அந்த 120 சதுர அடியை மட்டுமே நம்பியிருப்பவர் கேட்டால் அதுவும் நியாயம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. எல்லைக்கல் முகம் தெரிந்தவரை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஓலை வேலிக்குப் பின்னால் இருக்கும் ஆயாவிடம் இரண்டு அடிக்கு நியாயம் கேட்க நமக்கு நூலும் சட்டமும் உண்டு. ஒரு தெருவையே கொண்டுபோன கணக்கை எந்த மூலையில் நின்று அளப்பது? அந்தக் கேள்வி மனசில் இருக்கும்போது, பக்கத்து வேலியை முறைத்துப் பார்க்கக் கண் கொஞ்சம் கூசுகிறது. கூசட்டும்.