கதிரொளியும் இல்லறத்தார் நோன்பும்

நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களுக்கு உடலாவன என்பது நம் அறம். இல்லறத்தார் இவற்றுக்கு இழைக்கும் ஊறு முற்றும் நீங்காது; எனினும் பயனற்ற ஊற்றை நீக்குதல் அவர் கடன். அதனையே அநர்த்த தண்ட விரதம் என்பர்.

மின்சாரத்தையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு அமைத்தால், தமிழகத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட் கிடைக்கும். அனல்மின் நிலையம் இதனைத் தர முக்கால் டன்னுக்கு மேல் நிலக்கரியை எரிக்க வேண்டும். நிலம் அகழப்படுகிறது, நீர் கொதிக்கிறது, தீ மூள்கிறது, காற்று மாசுறுகிறது. ஆதலின் கதிரொளியை நாடுதல் நன்றே.

ஆயின் அதுவும் ஊறற்றதன்று. தகட்டிலுள்ள சிலிக்கான், படிகக்கல்லை மின்னுலையில் ஏறத்தாழ 2,000 பாகை வெப்பத்தில் உருக்கிப் பெறுவது. ஏறக்குறைய 25 ஆண்டுகளில் தகடு கழிவாகிவிடும்.

இதனினும் பெரிய இடர் நம் அவாவில் உள்ளது. 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியமும் இலவச வெயிலும் சேர்ந்து, ஓரறையில் இருந்த குளிர்சாதனத்தை மூன்று அறைக்கு விரிக்கச் செய்யுமாயின், அறத்தின் பெயரால் அவாவே வளரும். இரவில் அவை இயங்க மீண்டும் நிலக்கரியே எரியும்.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் இரவுண்ணா நோன்பினர் இல்லத்தில் அரைத்தலும் நீரேற்றலும் பகலிலேயே முடிகின்றன. அவர்க்குச் சிறு தகடே போதும். எனவே முதலில் நுகர்வை வரையறுப்போம். அதன் அளவுக்கே தகடு அமைப்போமாக.