கலயமும் சுண்ணாம்பும்

சுவேத நதி மணலை மாத்திரம் காட்டிக் கிடக்கும் ஒரு சித்திரை மாதத்தில், கெங்கவல்லிக்கு வெளியே வயல் வரப்பில் நின்ற பனையின் அடியில் குந்தியிருந்த முதியவர் ஒருவர், மண் கலயத்தின் உட்புறத்தில் விரலால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “இது இருந்தாப் பதநீருங்க, இல்லீன்னாக் கள்ளுங்க. பாளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். வேதாந்தம் பேசுவதாக அவர் நினைத்திருக்க மாட்டார். எனக்கோ, மனிதனுக்குள் சுரப்பது புளித்துப்போகாமல் காக்கும் சுண்ணாம்பு எது, அரசன் இடும் சட்டமா, ஞானி செய்யும் தவமா என்ற பழைய சந்தேகம் அந்த இடத்தில் மறுபடியும் தலைதூக்கிற்று.

அந்தச் சந்தேகத்தை ஏட்டில் அல்லாமல் அரசாங்கக் கோப்பிலேயே எழுதிப் பார்த்தவர் ராஜாஜி. 1878இல் அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாகப் பேரும் பொருளும் ஈட்டி, 1917இல் நகரசபைத் தலைவராகி, பின்னர் தொழிலைத் துறந்து, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடியின் கேட்டை எடுத்துச் சொல்லிவந்த அவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதன்முதலாகச் சேலம் ஜில்லாவிலேயே மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஆத்தூர் தாலுகாவிலிருந்த எங்கள் கெங்கவல்லியும் அதில் அடக்கம். மெயின் மாநிலத்துக் கவர்னர் ஜான் ஹப்பார்டு 1851இல் கையொப்பமிட்ட மதுவிலக்குச் சட்டம் ஐந்தே ஆண்டில் ரத்தானதும், அமெரிக்க தேசம் முழுவதும் பதின்மூன்று ஆண்டு நடத்திப் பார்த்த மதுவிலக்கு 1933இல் கைவிடப்பட்டதும் அதற்குள் உலகம் கண்டு முடித்திருந்த கதைகள்.

தண்டனைக்கு அஞ்சிக் குடியாதிருப்பவன் விரதம் காப்பவன் அல்லன், அவனிடத்தில் இருப்பது வெறும் பயமே என்பர் ஒரு சாரார். தத்துவத்தில் இதற்கு மறுமொழி இல்லை. ஆனால், கூலியை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறவனுடைய வழியில் கடை இல்லாமற்போனால், தகப்பனுக்கு விவேகம் உதிக்கும் வரையில் பட்டினியோடு காத்திருக்க இயலாத குழந்தைகளுக்கு அன்றைய இராச் சோறு கிடைத்துவிடுகிறது. அந்தச் சோற்றை அதர்மம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1947 ஆகஸ்ட் 15இல், ராஜாஜி மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னரானார். செப்டம்பர் 1ஆம் தேதி, மதக் கலகம் மீண்டும் மூண்ட கல்கத்தாவில், பெலியகட்டாவில் தங்கியிருந்த காந்தியடிகள் உபவாசம் தொடங்கினார். கவர்னர் நேரில் வந்து, குண்டர்களை எதிர்த்து உண்ணாநோன்பு இருக்கலாகுமா என்று வாதாடினார். சேலத்தில் சட்டத்தை நம்பியவர் கேட்கக்கூடிய கேள்விதான் அது. காந்தி இசையவில்லை. போலீஸும் பட்டாளமும் அடக்க முடியாத நகரம் மூன்று நாளில் அடங்கி, கலகம் செய்தவர்களே ஆயுதங்களைக் கொண்டுவந்து அந்தக் கிழவரின் காலடியில் வைத்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி இரவு உபவாசம் முடிந்தது. தவமே வென்றது என்று இங்கே முடிவு கட்டிவிடத் தோன்றும். எனினும் அதே காந்தி, அடுத்த ஜனவரியில் டில்லியில் மறுபடியும் பட்டினி கிடக்க நேர்ந்ததை நினைக்கும்போது, தவமும் ஒருமுறை பூசினால் போதுகிற பூச்சாக எனக்குத் தெரியவில்லை.

கவர்னர் ஜெனரல், மத்திய மந்திரி, முதல் மந்திரி என்று ஏறியும் இறங்கியும் பதவிகளைக் கடந்த ராஜாஜி, தொண்ணூற்றிரண்டாம் வயதில், 1971இல், முதலமைச்சரை நேரில் கண்டு மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாமென்று வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் பலிக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 25இல் காலமானார்.

அந்த 1971ஆம் வருஷத்தைப் பற்றி முதியவரிடம் கேட்டேன். “கடை தொறக்கறாங்கன்னதும் எங்கய்யன் கலயத்தை எல்லாம் தேய்ச்சுக் கழுவிக் கவுத்துனாருங்க” என்றார். பிறகு சிரித்தார். “மூணு வருசத்துக்குள்ள மறுக்காப் பூசச் சொல்லிப்போட்டாங்க.” கலயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார்.