மழைக்கு ஆயக்கட்டு இல்லை

ஆனைமலையில் ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். ஐந்து வாய்க்கால்களில் வரும் அந்தத் தண்ணீருக்குக் கணக்கு உண்டு, முறை உண்டு; கடைமடைக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். மேலே மலையில் பெய்யும் மழைக்கு அந்தக் கணக்கு கிடையாது. நல்லவர் வயல், கெட்டவர் வயல் என்று பாராத அந்த மழையைத்தான் இயேசு மலைப்பொழிவில் கடவுளுடைய அன்புக்குச் சான்றாகக் காட்டினார் (மத்தேயு 5:45). பகைவரையும் நேசிக்கச் சொன்ன கையோடு அதைச் சொன்னார் என்பதைப் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் உருகிய மனம் உண்மையானதா என்பது, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியின் வயலுக்குத் திங்களன்று தண்ணீர் பாய்கிறதா என்பதில் தெரிந்துவிடும். முறை முடிந்ததும் முதலில் மடையை மாற்றிவிட வேண்டும்; ஜெபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.