விலை கூடிய துப்பாக்கி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் வாழ்வோர்க்கு விலை என்பதன் பொருளைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தோற்றமுடைய இரண்டு காலணிகளை அவர்கள் முன் வைத்தால், திருப்பிப் பார்த்தும், மேல்தோலை விரலால் மடித்துப் பார்த்தும், தையலின் நெருக்கத்தை நோக்கியும், ஒன்று ஏன் மற்றதைவிட இரு மடங்கு விலை பெறுகிறது என்பதைச் சொல்லிவிடுவார்கள். மாட்டின் முதுகுத் தோலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு காரணமாகலாம். அடிப்பகுதி ஒட்டப்பட்டதா, தைக்கப்பட்டதா என்பது மற்றொரு காரணமாகலாம். சில வேளைகளில் உள்ளே பொறிக்கப்பட்ட பெயரைத் தவிர வேறு காரணமே இராது. கூடுதல் பணத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்று கேட்பது இம்மண்ணின் மக்களுக்குக் கைவந்த பழக்கம்.

இதே கேள்வியை ஒரு போர்க்கருவியின் முன் நின்று கேட்டால், விடை அவ்வளவு எளிதில் வருமா? நம் நாட்டு அரசு அண்மைக் காலத்தில் இக்கேள்வியை உண்மையாகவே கேட்டு, விடையும் கண்டுள்ளது. அந்த விடை சரிதானா என்று சிந்திப்பது படைத் தளபதிகளின் வேலை மட்டுமன்று. நம் பெயரால், நம் வரிப் பணத்தால் வாங்கப்படும் கருவி அது. எனவே அதன் அறக்கணக்கில் நமக்கும் பங்குண்டு.

முதலில் செய்திகளைப் பார்ப்போம். 1962ஆம் ஆண்டு சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் பழைய .303 துப்பாக்கிகளையே ஏந்தியிருந்தனர். அப்போருக்குப் பின் எஸ்.எல்.ஆர். எனப்படும் 7.62 மி.மீ. துப்பாக்கி படையில் இடம் பெற்றது. 1990களில் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 5.56 மி.மீ. இன்சாஸ் வந்தது. நம் திருச்சித் தொழிற்சாலையிலும் அது உருவாக்கப்பட்டது. ஆனால் 1999ஆம் ஆண்டு கார்கில் போரில், கடுங்குளிரில் தோட்டாக்களைத் தாங்கும் மகசீன் வெடிப்புற்றது, சுடும்போது இயக்கம் தடைப்பட்டது என்ற முறையீடுகள் எழுந்தன. மாற்றுத் துப்பாக்கியைத் தேடும் முயற்சி பல ஆண்டுகள் இழுபட்டது. இறுதியில் இரு வழிகள் வகுக்கப்பட்டன. எல்லையில் முன்னணியில் நிற்போருக்கு அமெரிக்காவின் சிக் சாவர் 716 துப்பாக்கி. ஏனையோருக்கு ரஷ்யக் கூட்டுறவுடன் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் செய்யப்படும் ஏ.கே. 203. சிக் சாவர் 2019ஆம் ஆண்டு ஏறத்தாழ 700 கோடி ரூபாய்க்கு 72,400 எண்ணிக்கையிலும், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 837 கோடி ரூபாய்க்கு மேலும் 73,000 எண்ணிக்கையிலும் வாங்கப்பட்டது. ஏ.கே. 203க்கான ஒப்பந்தம் 2021ஆம் ஆண்டு கையெழுத்தாயிற்று. 6,01,427 துப்பாக்கிகள், 5,000 கோடி ரூபாய்க்கு மேல்.

வகுத்துப் பார்த்தால் பின்னது ஒன்றுக்குச் சராசரியாக எண்பதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. 2024இல் வாங்கிய சிக் சாவரோ ஒரு இலட்சத்துப் பதினான்காயிரத்தைத் தாண்டுகிறது. வேறுபாடு ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமரும் ஒரு பெண்ணின் இரண்டு மூன்று மாத ஊதியம் அது. 73,000 துப்பாக்கிகளுக்கு அவ்வேறுபாட்டைப் பெருக்கினால் இருநூறு கோடி ரூபாயைத் தாண்டும்.

இப்பணத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன? இரண்டு துப்பாக்கிகளின் குண்டும் 7.62 மி.மீ. குறுக்களவு கொண்டதே. ஆயினும் சிக் சாவரின் தோட்டா உறை 51 மி.மீ. நீளமுள்ளது, மற்றதன் உறை 39 மி.மீ. உறை நீண்டால் உள்ளே மருந்து கூடும். குண்டு நெடுந்தொலைவு செல்லும். பட்ட இடத்தில் மிகுந்த விசையோடு பாயும். மலைமுகட்டில் நின்று எதிர்முகட்டை நோக்கிச் சுட வேண்டியவனுக்கு இது தேவை. இழப்பும் உண்டு. தோட்டா கனமானது, மகசீனில் முப்பதுக்குப் பதில் இருபது தோட்டாக்களே அடங்கும், சுடும்போது தோளில் உதைப்பும் மிகுதி. ஆகவே விலை கூடியது எல்லா வகையிலும் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு குறிப்பிட்ட பணிக்குச் சிறந்தது என்றுதான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு நேர்மையான வாதம் எழுகிறது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை அறிந்தவர்கள், அவ்வூரில் வீட்டுக்கு ஒருவர் எனும்படி படைக்குச் சென்றிருப்பதை அறிவார்கள். இராணுவப்பேட்டை என்றே அதனை அழைப்பதுண்டு. அத்தகைய வீட்டுத் தாயொருத்தியிடம் சென்று, "அம்மா, முப்பதாயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக உங்கள் மகனுக்குக் குறைந்த தரமான துப்பாக்கி கொடுத்தோம்" என்று யார் சொல்லத் துணிவார்? பனிமலையில் இயங்க மறுக்கும் துப்பாக்கியின் உண்மையான விலையைக் கருவூலம் செலுத்துவதில்லை. அதை ஏந்தியவன் செலுத்துகிறான். நாட்டுப் பணியில் நிற்கும் வீரர்கள் தங்களை மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியராகக் கருத வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. ஊழியரை அனுப்பிவிட்டு, அவர் கையில் நம்பத்தகாத கருவியைக் கொடுப்பது நீதியாகாது. இந்த அளவில், குறையுள்ள துப்பாக்கியை நீக்கிவிட்டுக் குறையற்றதற்குக் கூடுதல் பணம் தருவது தக்கதே. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் குறையை நீக்குவதும் கொல்லும் ஆற்றலைக் கூட்டுவதும் ஒன்றல்ல. 5.56 மி.மீ. குண்டை ஆதரித்தோர், எதிரியைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே மேல் என்று வாதிட்டனர். காயம்பட்ட ஒருவனைத் தூக்கிச் செல்ல இன்னும் இருவர் களத்தை விட்டு விலக வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பெரிய குண்டை ஆதரித்தோர், உயிரை வெறுத்து வரும் தீவிரவாதியைக் காயம் நிறுத்தாது, அவன் விழ வேண்டும் என்றனர். முதல் வாதம் இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது இரக்கமன்று. ஒரு மனிதனின் வேதனையையே கருவியாகப் பயன்படுத்தும் கணக்கு அது. இரண்டாவது வாதம் கொடுமை போலத் தோன்றும். ஆனால் தாக்க வருபவனை நிறுத்துவதே அதன் நோக்கமாயின், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தற்காப்பில் தேவையான அளவுக்கு மேற்பட்ட வன்முறை முறையற்றது என்று புனித தோமா அக்குவினாஸ் வரையறுத்தார். அளவுகோல் குண்டின் பருமன் அல்ல, நோக்கமும் தேவையுமே.

உலக நாடுகளும் இவ்வளவுகோலை ஓரளவு ஏற்றுள்ளன. 1868ஆம் ஆண்டு புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், எதிரிப் படையின் வலிமையைக் குறைப்பதே போரின் முறையான நோக்கம் என்றும், அதற்கு மேல் வீண் துன்பம் விளைக்கும் கருவி கூடாது என்றும் அறிவித்தன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையின் பெயரால் அறியப்பட்ட, உடலுக்குள் விரிந்து கிழிக்கும் குண்டுகளை 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு விலக்கியது. கொடிய கருவியே ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் மனிதகுலத்தின் மனச்சான்றில் பதிந்திருக்கிறது.

அவ்வெல்லையை இடமும் வகுக்கிறது. 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் தூத்துக்குடியில், தாமிர உருக்காலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் பதின்மூவர் மாண்டனர். அன்று பயன்பட்ட கருவிகளில், போர்க்களத்துக்கென வடிவமைக்கப்பட்ட எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் ஒன்று. ஓய்வுபெற்ற நீதியரசர் அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2022ஆம் ஆண்டு அக்டோபரில் சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக்கு உரிய காரணம் இருக்கவில்லை என்பதே அதன் முடிவு. அன்று எந்தத் துப்பாக்கியும் பழுதடையவில்லை. தொலைவும் விசையும் குறிதவறாமையும் குறைவின்றி இருந்தன. இமயத்தின் முகட்டில் எவை சிறப்போ, அவையே கடைத்தெருவில் பேரழிவாயின. நம் ஊர்த் தெருவில் நிற்கும் காவலரின் கையில், நம்மை நோக்கி உயரும் போர்த் துப்பாக்கி எவ்வளவு உயர்ந்த தரமாயினும், எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், அதற்குத் தரப்படும் விலை மிகையானதே.

மூன்றாவதாக, விலைச்சீட்டில் எழுதப்படாத விலை ஒன்று உண்டு. இதனைப் பாலாற்றங்கரை மக்களுக்கு விளக்க வேண்டுமா? பல ஆண்டுகள் நம் டேனரிகளிலிருந்து சென்ற தோல் உலகச் சந்தையில் மலிவாக விற்றது. அது மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், அதன் விலையில் ஒரு பங்கைக் கிணறு கெட்ட உழவரும், நிலம் உவர்ந்த குடும்பங்களும் கட்டியதே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு சனவரியிலும் அதே நீதிமன்றம் அந்தக் கடமையை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. மறைந்து நிற்கும் விலையைக் கணக்கில் ஏற்றுவதே நீதி என்னும் பாடம் நம் மாவட்டத்தின் கண்ணீரிலிருந்து நாட்டுக்குக் கிடைத்தது.

துப்பாக்கிக்கும் அக்கோட்பாடு பொருந்தும். 1964ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், படைச்செலவின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக்க வேண்டினார். 1967ஆம் ஆண்டின் "மக்களின் முன்னேற்றம்" என்னும் சுற்றுமடலிலும் அதனை வலியுறுத்தினார். துப்பாக்கியை வாங்காவிட்டால் அந்த இருநூறு கோடி நேராக ஏழையின் அடுப்புக்குப் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. அரசுக் கணக்குகள் அப்படி இயங்குவதில்லை. ஆனால் கருவிக்குக் கூடுதல் செலவு என்றவுடன் விரைந்து திறக்கும் பெட்டி, எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கும் பொறுமைக்கும், வீரனின் விதவைக்கும் அதே விரைவில் திறக்கிறதா என்று கேட்கலாம். துப்பாக்கியின் ஆயுளும் எண்ணத்தக்கது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அந்தப் பழைய .303 துப்பாக்கிக்கு 2020ஆம் ஆண்டு குடியரசு நாளில்தான் விடை கொடுத்தது. இன்று எல்லைக்கென வாங்குவது நாளை யார் கைக்குப் போகும் என்பதும் விலையின் ஒரு பகுதியே.

கருவியை ஏந்துபவனின் மனம் என்னும் கணக்கும் எஞ்சியிருக்கிறது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, சிப்பாய்களின் புதிய தலைப்பாகையில் வைக்கப்பட்ட தோல் குஞ்சம். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினரும், தொடர்ந்து சிப்பாய்கள் நூற்றுக்கணக்கிலும் மாண்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த என்ஃபீல்டு துப்பாக்கி, பழையதைவிட நெடுந்தொலைவும் குறியும் கொண்டதுதான். ஆனால் அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு குறித்த ஐயம் 1857இன் பெருந்தீயை மூட்டியது. இரு முறையும் ஆள்வோர் கருவியின் மேன்மையைக் கணக்கிட்டனர். ஏந்துபவனுக்கு ஒரு மனச்சான்று உண்டு என்பதை மறந்தனர். யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானை அணுகிய படைவீரர்கள், தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர் அவர்கள் கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்க வேண்டாம் என்றே சொன்னார்.

நம் தமிழ் மரபும் இதனை அறியும். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது, நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த அவன் படைக்கலங்களைக் கண்டு மயங்கவில்லை. தம் தலைவனின் வேல் போரில் தேய்ந்து கொல்லன் கூடத்தில் கிடப்பதைச் சொன்ன அவர், அதே மூச்சில் அவன் இருக்கும்போது பிறர்க்கு ஊட்டுவதையும், இல்லாதபோது உடன் பகிர்ந்து உண்பதையும் சொன்னார். படைக்கலத்தையும் சோற்றையும் அவர் ஒரே பாட்டில் வைத்து எண்ணினார்.

ஆகவே, எல்லையில் நிற்கும் வீரனுக்குப் பழுதற்ற துப்பாக்கி வேண்டும். அதற்குக் கூடுதல் விலை தரலாம். அந்தக் கூடுதல் ஆற்றல் அவன் நிற்கும் இடத்துக்கு உண்மையிலேயே தேவையா என்று ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அது மக்கள் நடமாடும் தெருவுக்கு இறங்கக் கூடாது. சமாதானத்துக்கான செலவு அதே கணக்கேட்டில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை, மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருவோர் முன் நமக்கு உண்டு. காலணியைத் திருப்பிப் பார்த்துக் கேட்கும் அதே கண்டிப்போடு அவர்களிடமும் கேட்போமாக.