ஏழாவதாக ஒரு நாய்

சென்ற புரட்டாசியில் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பெரியப்பா மகன் எனக்கென்று ஒரு தபால் அட்டை கொண்டுவந்து கொடுத்தார். கோயாவின் நாய். அட்டை முழுவதும் அழுக்கு மஞ்சள் வெளி. அடியில் ஒரு மண் சரிவு. சரிவுக்கு மேல் தலை மட்டும் தெரிகிற நாய் எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. 1819க்கும் 1823க்கும் இடையில், மாட்ரிட்டுக்கு வெளியே தன் வீட்டுச் சுவர்களில் கோயா வரைந்த கறுப்பு ஓவியங்களில் இது ஒன்று. பெயர்கூட அவர் வைத்ததில்லை. நாய் புதைகிறதா, ஏறி வருகிறதா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. இப்போது அது ப்ராடோ மியூசியத்தில் இருக்கிறது. அந்த மியூசியத்துக்குள் நாய்க்கு அனுமதியில்லை.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அண்ணனும் அண்ணியும் போன கோடையில் ஆறு வாரம் காரில் ஐரோப்பாவைச் சுற்றியிருக்கிறார்கள். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறி, கடலுக்கு அடியில் 35 நிமிஷம் போய், கலேயில் இறங்கி, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று போய் அதே வழியில் திரும்பியிருக்கிறார்கள். பின்சீட்டில் மணி. (இங்கிலாந்தில் பிறந்த நாய்க்கு மணி என்று பெயர் வைத்தது எங்கள் பெரியம்மாவின் கட்டளை.) மணிக்கு ஆன காகிதங்களை அண்ணன் விவரித்தபோது, கடன் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் வங்கி கேட்கும் காகிதங்கள் ஒன்றுமேயில்லை என்று பட்டது. தோலுக்கடியில் சில்லு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதற்குப் பின் 21 நாள் காத்திருப்பு. 2004இல் ஐரோப்பா நாய்களுக்கென்று ஒரு பாஸ்போர்ட் ஏற்படுத்தியது. பிரிட்டன் விலகிக்கொண்டதும், 2021 முதல், அங்கே கொடுத்த நாய்ப் பாஸ்போர்ட் செல்லாமல் போயிற்று. பதிலுக்கு, புறப்படுவதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கிய சான்றிதழ் வேண்டும். திரும்பும்போது, நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்பாக, மிருக வைத்தியர் முன்னிலையில் நாடாப்புழு மருந்து. மருந்து கொடுத்த நேரம் தவறினால் நாய் கலேயில் நிற்க வேண்டியதுதான்.

மனிதனுக்கும் நாய்க்கும் இடையில் இப்படி ஒரு வாசல் வந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

மியூசியங்களில் ஒருவர் உள்ளே போனால் மற்றவர் நாயோடு வெளியே. ஆறு வாரத்தில் ஒரு ஓவியத்தைக்கூட இருவரும் சேர்ந்து பார்க்கவில்லை என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு விமானத்தில் போயிருக்கலாமே என்றேன். "நம்மை நம்பி இருக்கிற ஜீவனை விட்டுட்டு எப்படிடா?" என்றார். அவர் குளிக்கப் போனபோது அண்ணி, காப்பி டம்ளரை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மாத்தி மாத்தின்னுதான் பேச்சு தம்பி. வெளியில உக்காந்தது முக்கால்வாசி நான்தான். அந்தப் படத்தை நான் கார்டுலதான் பார்த்தேன்."

என்னை எழுத வைத்தது இந்த வாக்கியம்தான்.

மகாபிரஸ்தானிக பர்வத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாட்டை விட்டுப் புறப்படும்போது ஏழாவதாக ஒரு நாய் சேர்ந்துகொள்கிறது. அதை யாரும் கூப்பிடவில்லை. மேருவை நோக்கி நடக்கிறார்கள். முதலில் விழுகிறவள் திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ஜுனன்மேல் அவளுக்கு ஓரவஞ்சனை என்கிறான் தருமன், அவளைப் பார்க்காமலே நடந்துகொண்டு. பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றம் கையிருப்பில் இருக்கிறது. கடைசியில் இந்திரன் தேரோடு வந்து, நாய் வைத்திருப்பவனுக்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அடைக்கலமாக வந்ததை விடமாட்டேன் என்று தருமன் மறுக்கிறான். சமஸ்கிருதத்தில் நாய்க்கு அங்கே வருகிற சொல் ‘பக்த’. எங்கள் ஊர் ஒலிபெருக்கியில் ஆடிக் கிருத்திகையன்று நூறு தரம் கேட்கிற அதே சொல்.

(வில்லிபுத்தூரார் சௌப்திக பர்வத்தோடு நிறுத்திக்கொண்டதால் இந்த நடை அவரிடம் கிடையாது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி தன் பக்தர்களைத் தீயில் நடத்துகிற அம்மன். பனியில் விழுந்து கிடக்கிற கிழவி அல்ல. ஜனங்களுக்கு எது வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.)

இந்தக் கட்டத்தை ஜீவகாருண்யத்தின் சிகரம் என்று எழுதுகிறவர்கள் இந்திரன் அடுத்துக் கேட்கிற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனைவியையும் தம்பிகளையும் விட்டுவிட்டு வந்தாயே, நாயை விட்டால் என்ன? தருமனின் பதில்: அவர்கள் இறந்துவிட்டார்கள், உயிர்ப்பிக்க என்னால் முடியாது, உயிரோடிருக்கும்போது நான் அவர்களை விடவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில சுலோகங்களுக்கு முன்னால் பீமன் விழுந்தபோது அவனே வாய் திறந்து, நான் விழுந்துவிட்டேனே, ஏன் என்று கேட்கிறான். செத்தவன் கேள்வி கேட்கமாட்டான். தருமன் பதில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அவன் இந்திரனிடம் சொன்னது முழு உண்மையில்லை. வியாசர் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

பிறகு நாய் தர்மதேவதையாக மாறி, இதெல்லாம் பரீட்சை என்கிறது. எனக்கு இந்த மாற்றம் பிடிப்பதில்லை. அந்த நாய் கடைசிவரை நாயாகவே இருந்து, சிரங்கோடு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேர்ப்படியில் நின்றிருந்தால்தான் தருமனின் மறுப்புக்குக் கனம் இருந்திருக்கும்.

இன்னொரு கணக்கு. 1960 செப்டம்பரில் ஜான் ஸ்டைன்பெக், ஒரு லாரியின் பின்புறத்தை வீடாக்கி, தான் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை அதற்கு வைத்து, சார்லி என்கிற கிழட்டு நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். 1962இல் புஸ்தகம் வந்தது. தனிமனிதனும் நாயும் தேசத்தைத் தேடிப்போன கதை என்று உலகமே படித்தது. 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்கிற பத்திரிகைக்காரர் அதே வழியில் போய், நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியையும் புரட்டிப் பார்த்தார். மேற்குக் கரையில் பல நாள் மனைவி எலெய்ன் கூடவே இருந்திருக்கிறாள். அச்சில் அந்த நாட்களில் அவள் இல்லை. சிகாகோவில் புஸ்தகத்துக்குள் வருகிறாள். அவள் வந்ததும் சார்லியைக் காப்பகத்தில் விடுகிறார்கள். இருவருக்கும் ஒரே பக்கத்தில் இடமில்லை போலும்.

தருமன் மனைவியை வழியில் விட்டான். ஸ்டைன்பெக் அச்சில் விட்டார். என் அண்ணன் ப்ராடோவின் வாசலில். மூன்று பேரும் நாயை விடவில்லை.

இதிலிருந்து நான் ஒரு சித்தாந்தம் செய்துகொண்டேன். நாயிடம் விசுவாசமாக இருப்பது சுலபம், ஏனென்றால் நாய் கேள்வி கேட்பதில்லை. பீமன் கேட்டான். திரௌபதிக்கு நேரம் கிடைத்திருந்தால் அவளும் கேட்டிருப்பாள், சபையில் கேட்டவள்தானே. கேட்காத ஒன்றிடம் காட்டுகிற அன்பில் நம்மை நாமே ரசித்துக்கொள்ள ஏகப்பட்ட இடமிருக்கிறது. தெருவில் மனிதன் கிடக்கையில் காரில் நாய்க்கு இடமா என்கிற முற்போக்கு நண்பர்களின் வாதம் இதுவல்ல. அது சுத்த அசட்டுத்தனம். நாயை இறக்கிவிட்டால் அந்த இடத்தில் அவர்கள் தெருவில் கிடக்கும் மனிதனை ஏற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் சித்தாந்தம் செய்கிறவன் யார் என்றும் பார்க்க வேண்டும்.

எட்டு வருஷங்களுக்கு முன், புரட்டாசியில், கிளையில் அப்போது இருந்த இரண்டு பேரும் நானும் திருப்பதிக்கு நடந்து போகிற ஒரு கோஷ்டியோடு சேர்ந்துகொண்டோம். திருத்தணியிலிருந்து 65 கிலோமீட்டர் போல. எனக்குப் பக்தி அதிகமில்லை, நடக்கிற ஆசைதான். ஊர் எல்லை டீக்கடையில் ஒரு செவலை நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டேன். அது கூடவே வந்தது. கோஷ்டியில் எல்லோருக்கும் சந்தோஷம், பைரவரே வருகிறார் என்றார்கள். 1960 ஏப்ரல் 1க்கு முன் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி இதைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். அப்படி வந்த எல்லையை அந்த நாய் ஒரு காகிதமும் இல்லாமல் தாண்டிற்று. நாய்க்கு எல்லை கிடையாது என்று நான் அப்போது ஏதோ சொன்ன ஞாபகம். எவ்வளவு தவறு! நாய்க்கு ஒவ்வொரு தெருமுனையும் ஒரு எல்லை. நகரியில் சமாளித்துவிட்டது. புத்தூரில், இருட்டுகிற நேரத்தில், ஐந்தாறு நாய்கள் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டன. மணி மாதிரி வீட்டு நாய்க்கு அதன் மனிதர்கள்தான் ஊர். லிஸ்பனிலும் அது வீட்டில்தான் இருந்தது. தெருநாய்க்குத் தெரு போனால் எல்லாம் போயிற்று. அதை அதன் தெருவிலிருந்து கிளப்பியது என் இரண்டு பிஸ்கட். தருமன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன்.

"வாங்க சார், அது வழிய அது பாத்துக்கும்" என்றார் கோஷ்டித் தலைவர். கால் கொப்புளம் வேறு. நின்றால் கோஷ்டி போய்விடும். நான் நடந்தேன். ஊளை கொஞ்ச தூரம் கேட்டது.

ஆக, நாயிடம் விசுவாசமாக இருப்பது சுலபம் என்கிற என் சித்தாந்தத்தை, அந்தச் சுலபமான காரியத்தையும் செய்யாதவன் சொல்கிறான். சுலபமென்றால் ஏன் செய்யவில்லை? செய்யாதது சின்ன விஷயமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைச் சுலபம் என்கிறேனோ?

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அண்ணியிடம் இந்த வாதத்தைச் சொன்னேன், புத்தூரை மட்டும் விட்டுவிட்டு. அவர் பக்கம்தான் பேசுகிறேன் என்று எனக்கு ஒரு பெருமிதம். அவர் சூட்கேஸில் முறுக்கு டப்பாவை அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"நாய் கேக்காதுன்னு யார் சொன்னா? உங்க அண்ணன் உள்ள போனதும் மணி அந்த வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கும். ரெண்டு மணி நேரம் ஆனாலும் தலையைத் திருப்பாது. அப்போ நான் அதோடதான் இருந்தேன், தம்பி. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் அந்த வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

அட்டையை மேஜையில் வைத்து மறுபடியும் பார்த்தேன். கோயாவின் நாய் எதைப் பார்க்கிறது என்று படத்தில் இல்லை. புத்தூரில் நான் திரும்பிப் பார்க்காததால், அந்தச் செவலை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது என்று எனக்குத் தெரியாது.