ஆவணமும் அளவையும்

தாம்பரத்தையடுத்த குன்றத்தூரிற் பிறந்து சோழர்க்கு அமைச்சராயிருந்த சேக்கிழார் பெருமான், திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நுட்பமாகவே அமைத்தார்.

அந்தணர் அடிமையாதல் உலகிலில்லையென அவையோரும் முதற்கண் கூறினர். இது பொதுவழக்கினின்று கொண்ட கருதலளவை; இயைபுடையதே, ஆயினும் முடிபன்று. நம்பியாரூரர் கிழித்தது படியோலை, மூலவோலை அவையேறிற்று. பாட்டனார் கையெழுத்தை அவர்தம் பிறிதோர் ஓலையொடு ஒப்புநோக்கினர். இம்முறையை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்து நிற்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமமும் உடன்பட்டன.

எழுத்து ஒத்தமையாற் பெறப்படுவது பாட்டனார் எழுதினாரென்பது மாத்திரமே. பேரனைப் பிணிப்பது மரபினரும் அடிமையென்னும் வாசகம். இரண்டும் வேண்டும், ஒன்று கொண்டு மற்றதை விடுவார் வழக்கிழப்பர். தமக்கு அது தெளியவில்லையென்றார் நம்பியாரூரர். அவர் பொய்த்தாரல்லர், எனினும் ஒருவர் அறியாமை பொருளின் இன்மைக்குச் சான்றாமோ? ஆணவமறைப்புண்ட உயிர் தன் அடிமையை அறியாதென்பதன்றோ நம் சித்தாந்தம்!