எடையும் எதிர்ப்பாற்றலின் ஆயுளும்

தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாயிற்றா என்பது ஒன்று. உண்டானது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது மற்றொன்று. உடல் எடைக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் முதலில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எடை பெரிதும் தலையிடுவது இரண்டாவதில் என்றே நான் கருதுகிறேன்.

நிலைத்தல் நோய்க்கு நோய் வேறுபடும். 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கு அனுப்பப்பட்ட டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களை அது மீண்டும் தொடவில்லை என்று பதிவு செய்தார். இடையே கழிந்தவை 65 ஆண்டுகள். தடுப்பூசிகள் எல்லாவற்றுக்கும் இத்தகைய ஆயுள் இல்லை. அமெரிக்காவில் ஒரே மனிதர்களின் இரத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2007இல் வெளியான ஆய்வு, இரணஜன்னிக்கு எதிரான எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய 11 ஆண்டுகளும், தொண்டை அடைப்பானுக்கு எதிரானது குறைய 19 ஆண்டுகளும் ஆகின்றன என்று கணித்தது. தட்டம்மைக்கு எதிரானதோ ஆயுள் முழுவதும் ஏறத்தாழக் குறையாமலே இருந்தது.

இந்த நிலைப்பு எங்கிருந்து வருகிறது? இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள் தானாக நெடுங்காலம் வாழ்வதில்லை. சுமார் மூன்று வாரங்களில் அதில் பாதி அழிந்துவிடும். ஆகவே யாரோ அதை இடைவிடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். ஊசிக்குப் பின் நிணநீர் முடிச்சுகளில் உருவாகும் பிளாஸ்மா செல்கள்தாம் அதைச் செய்பவை. அவற்றுள் பெரும்பாலானவை விரைவிலேயே மடிகின்றன. ஒரு சிறு பகுதி எலும்பு மஜ்ஜைக்குச் சென்று குடியேறி, ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. அங்கும் அவை தம் வலிமையால் மட்டும் வாழ்வதில்லை. சுற்றியுள்ள செல்கள் தரும் வேதிக் குறிப்புகளே அவற்றை உயிரோடு வைத்திருக்கின்றன. குடியேறியவரின் ஆயுள் குடியிருக்கும் இடத்தைச் சார்ந்தது. இவற்றைத் தவிர நினைவு பி செல்கள் என்றொரு வகை உண்டு. அவை எதிர்ப்பொருளைச் சுரக்காமல் காத்திருந்து, கிருமி வந்தபின் விழித்தெழுபவை.

இனி எடைக்கு வருவோம். உடற்பருமன் உள்ளவர்களிடம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குறைவாகவே பலன் தருகிறது என்பது 1985இலேயே மருத்துவமனை ஊழியர்களிடம் காணப்பட்டது. இதில் ஒரு பகுதி வெறும் தூரத்தின் கணக்கு: குட்டையான ஊசி தசையை எட்டாமல் கொழுப்பிலேயே மருந்தை விட்டுவிடும். பருமனான பதின்வயதினரிடம் ஒரு அங்குல ஊசியைவிட ஒன்றரை அங்குல ஊசி கூடுதலான எதிர்ப்பொருளைத் தந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசியை மாற்றினால் தீரும் குறை அது.

அடுத்தது ஊசியை மாற்றினாலும் தீராதது. வட கரோலினாவில் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை 2012இல் வெளியிட்டனர். ஒரு மாதம் கழித்து அளந்தபோது பருமனானவர்களின் எதிர்ப்பொருள் குறைவாக இல்லை. ஓராண்டு கழித்து அளந்தபோதோ அவர்களிடம்தான் அது அதிகமாகச் சரிந்திருந்தது. முதல் அளவோடு நிறுத்தியிருந்தால் எடைக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பே இல்லை என்று எழுதியிருப்பார்கள். 2023இல் பிரிட்டனில் கோவிட் தடுப்பூசி பற்றி வந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது. இரண்டாம் தவணைக்கு ஆறு மாதத்துக்குப் பின், மிகுந்த பருமன் உள்ளவர்களில் 55 விழுக்காட்டினரிடம் வைரஸை முடக்கும் திறன் அளக்க முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. இயல்பான எடையினரில் அது 12 விழுக்காடு.

கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பன்று. லெப்டின் முதலிய ஹார்மோன்களையும், மெல்லிய அழற்சியை ஓயாது வைத்திருக்கும் பொருள்களையும் அது சுரக்கிறது. மஜ்ஜையிலும் கொழுப்பு பெருகக் கூடும். பிளாஸ்மா செல்களின் குடியிருப்பு இதனால் கெடுகிறது என்ற விளக்கம் பொருத்தமானது, ஆனால் முழுதும் நிறுவப்பட்டதன்று.

குழந்தைப் பருவத் தடுப்பூசியில் இக்கேள்வி கூர்மையாகிறது. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது பிற்காலப் பருமன் இன்னும் வரவில்லை. எதிர்ப்பாற்றல் நல்ல முறையிலேயே உண்டாகிறது. பின்னர் எடை கூடினால் என்ன ஆகும்? 2006இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், எடை மிகுந்த குழந்தைகளிடம் இரணஜன்னி எதிர்ப்பொருள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. எனினும் நோய் எதுவென்பது இங்கே முக்கியம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். எதிர்ப்பொருள் வற்றியிருந்தாலும் நினைவுச் செல்கள் விழித்துக்கொள்ள அவகாசம் உண்டு. இரணஜன்னியின் நச்சு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. மிகச் சிறிய அளவிலேயே நரம்புக்குள் புகுந்துவிடும். அங்கே இரத்தத்தில் தயாராக இருக்கும் எதிர்ப்பொருளே காவல்.

மெலிந்த குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். “கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஊசி போடலாம்” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அது தவறு. ஊட்டம் குறைந்த குழந்தைகளும் ஊசிவழித் தடுப்பு மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு நன்றாகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறார்கள். தட்டம்மை வந்தால் உயிர் போகும் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். வாய்வழிச் சொட்டு மருந்தின் கதை வேறு. வேலூரில் வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து இங்குள்ள குழந்தைகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று கண்டார். அங்கே முதன்மையான தடை குடலின் நிலை, எடையன்று.

எடை கூடிய குழந்தைக்கு மருந்தின் அளவைக் கூட்டும் வழக்கமும் இல்லை. நம் நாட்டு அட்டவணையில் 5 வயதுக்குப் பின் 10, 16 வயதுகளில் ‘டிடி’ என்னும் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊக்கத் தவணைகள் உள்ளன. கைக்குழந்தை ஊசிகளைத் தவறாமல் போடும் பெற்றோர் பலர் மறந்துவிடுவது இவ்விரண்டைத்தான். பல பிள்ளைகளுக்கு எடை ஏறத் தொடங்குவதும் அந்த வயதுகளில்தான்.